பல் மருத்துவரிடம் வாய்ப்புற்றுப் பரிசோதனை: எது போதும், எது தேவை?

பல்லைச் சுத்தம் செய்யப் போன இடத்தில், "வாய்ப்புற்று இருக்கிறதா என்று ஒரு லைட் அடித்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? அல்லது வாயில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. ஒரு மருத்துவர் ஜெல் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். இன்னொருவர் இன்றே பயாப்ஸி, அதாவது ஆய்வகத்தில் பார்க்க ஒரு சின்னச் சதைத் துண்டு, எடுத்துவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவது எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கானது. இரண்டாவது, ஏதோ ஒன்று கண்ணில் பட்டுவிட்டவருக்கானது. இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் தேவையில்லாத இடத்தில் பணமும் பயமும் செலவாகின்றன, தேவையான இடத்தில் நாட்கள் வீணாகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொந்தரவு இல்லாதவருக்கு, பல் மருத்துவர் கண்ணாலும் கையாலும் அவசரப்படாமல் முழுமையாகச் செய்யும் பரிசோதனையே சரியான தேர்வு. சந்தேகமான ஒன்று தெரிந்துவிட்டவருக்குப் பயாப்ஸிதான் முடிவைச் சொல்லும். விளக்கு, சாயம், பிரஷ், எச்சில் டெஸ்ட் எல்லாம் துணைக்கு வருபவை. அவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் விளம்பரங்கள் காட்டுவதைவிட ரொம்பச் சின்னது.

2022-இல் உலக அளவில் சுமார் 3,89,000 பேருக்கு உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 1,88,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், வாய், தொண்டைப் புற்று தோன்றிய இடத்தைத் தாண்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவர்கள் நூற்றுக்கு 85 அளவில் இருக்கிறார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அது 40-ஐ ஒட்டிச் சரிந்துவிடுகிறது. கணையமோ நுரையீரலோ போல உள்ளே மறைந்திருக்கும் உறுப்பு இல்லை இது. வாயைத் திறந்தால் தெரிகிற இடம். அங்கே வரும் புற்று இத்தனை பேருக்குப் பிந்திய கட்டத்தில் பிடிபடுவது மனதை உறுத்துகிறது. காரணம் எளிது: ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை. சாதாரண வாய்ப்புண் உயிரை எடுக்கும் அளவு வலிக்கும், பத்து நாளில் போய்விடும். ஆபத்தான திட்டு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வலி இருந்தால்தான் மருத்துவர் என்ற நம் பழக்கம் இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது.

கண்ணும் கையும்

இந்தப் பரிசோதனைக்குக் கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நல்ல வெளிச்சம், கையுறை, வாய்க்கண்ணாடி, ஒரு துண்டு காஸ் துணி. ஐந்து நிமிடம் பிடிக்கும். ஆனால் "பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவதும் இதே பெயரில்தான் நடக்கிறது. அதனால் முழுப் பரிசோதனை எப்படி இருக்கும் என்று நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கேள்விகள். புகைப்பீர்களா, புகையிலையோ பாக்கோ மெல்லுவீர்களா, எத்தனை வருடமாக, மது உண்டா, முன்பு எங்காவது புற்று வந்ததா, விழுங்குவதிலோ குரலிலோ மாற்றம் இருக்கிறதா. பாக்கைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குதானே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பாக்கு தன்னளவிலேயே புற்றை உண்டாக்கும் பொருள் என்று மேலே சொன்ன அதே முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது.

அப்புறம் முகமும் கழுத்தும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எதிரே நின்று பார்ப்பார். தாடைக்குக் கீழே, காதுக்கு முன்னும் பின்னும், கழுத்தின் பக்கவாட்டில் விரல்களை உருட்டி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடுவார். பல் செட் இருந்தால் கழற்றச் சொல்வார். கழற்றச் சொல்லவில்லை என்றால் நீங்களே கழற்றிக் கொடுங்கள், அதற்கு அடியில்தான் பல திட்டுகள் ஒளிந்திருக்கும். உதட்டைப் புரட்டி, கன்னத்தின் உட்புறத்தை விரித்து, ஈறுகளை வரிசையாகப் பார்த்து, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் முக்கோண இடம் வரை போக வேண்டும். "ஆ" சொல்ல வைத்து அண்ணத்தையும் தொண்டையின் வாசலையும் பார்ப்பார்.

நாக்குதான் முக்கியம். நாக்கை நீட்டச் சொல்லி மேல்புறத்தைப் பார்ப்பதோடு நிறுத்தினால் அது பரிசோதனை ஆகாது. நுனியைக் காஸ் துணியால் பிடித்து, ஒரு பக்கமாக இழுத்துத் திருப்பி, ஓரம் முழுவதையும் பின்பகுதி வரை பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கம். நாக்கின் ஓரமும் நாக்குக்கு அடியில் உள்ள தரைப்பகுதியும் புற்று அடிக்கடி வரும் இடங்கள். அந்தத் தரைப்பகுதியை ஒரு கை விரல் வாய்க்குள்ளும் மறுகை விரல்கள் தாடைக்குக் கீழேயும் வைத்து, நடுவில் இருக்கும் சதையை அழுத்திப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கெட்டித்தன்மை விரலுக்குத் தெரியும். உங்கள் பல் மருத்துவர் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தாரா என்பது ஒன்றை வைத்தே, நடந்தது முழுப் பரிசோதனையா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதனால் உயிர் பிழைக்கிறார்களா? இதற்குப் பெரிய அளவில் பதில் தேடிய ஆய்வு கேரளத்தில் நடந்தது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஏழு பகுதிகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தார்கள். மற்ற ஆறு பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பார்த்தவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்து மொத்தமாகப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது பழக்கம் உள்ளவர்களிடம் மரணக் குறைவு 24 சதவீதமாக நின்றது. நான்கு சுற்றுக்கும் தவறாமல் வந்த பழக்கக்காரர்களிடம் அது 81 சதவீதம். தவறாமல் வருகிறவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனிப்பவர்களாக இருப்பார்கள் என்பதால் அந்தக் கடைசி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போக்கு தெளிவாக இருக்கிறது.

இதே தகவலை வைத்துக்கொண்டு நிபுணர் குழுக்கள் வேறு வேறு விதமாகப் பேசுகின்றன. அமெரிக்கத் தடுப்பு மருத்துவச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாத பெரியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாமா வேண்டாமா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2013-இல் முடிவு செய்தது. அது பொது மருத்துவர்களை மனதில் வைத்துச் சொன்னது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பல் மருத்துவரிடம் வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் கண்ணாலும் கையாலும் பரிசோதனை செய்யச் சொல்கிறது. இதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. இதற்காகவே ஒருவரைத் தேடிப் பிடித்து வரவழைக்க ஆதாரம் போதாமல் இருக்கலாம். ஏற்கெனவே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் செலவழிக்க அதே ஆதாரம் தாராளமாகப் போதும்.

இதன் குறை, பார்ப்பவரைப் பொறுத்துத் துல்லியம் மாறுவது. சில ஆய்வுகளில் இருந்ததில் பாதியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், சிலவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும். ஆக, எந்தப் பரிசோதனை என்பதைவிட யார், எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார் என்பது பெரிய விஷயம்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று தானே பார்த்துக்கொள்வது இதற்கு மாற்றாகுமா? ஆகாது. நாக்கின் பின் ஓரமும் கடைவாயின் கோடியும் நமக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். உங்கள் வாயில் வழக்கமாக என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், புதிதாக வந்ததைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

விளக்கும் சாயமும் பிரஷும்

இப்போது அந்த லைட். நீல ஒளியை வாய்க்குள் அடித்து, ஒரு வடிகட்டி வழியாகப் பார்ப்பார்கள். நல்ல திசு இளம்பச்சையாக ஒளிரும். திசுவின் அமைப்பு மாறியிருந்தால் அந்த ஒளிர்வு போய் அந்த இடம் கறுத்துத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், ஊசி கிடையாது, வலி கிடையாது. கணினித் திரையில் காட்டினால் நோயாளிக்கும் புரிந்த மாதிரி இருக்கும்.

சிக்கல், கறுப்பாகத் தெரிவதெல்லாம் புற்று இல்லை என்பதுதான். கன்னத்தைக் கடித்துக்கொண்ட இடம், சூடு பட்ட இடம், ஈறு வீங்கிய இடம், இயற்கையாகவே நிறம் அதிகமுள்ள இடம் எல்லாமே கறுத்துத் தெரியும். இந்தத் துணைக் கருவிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு இதைத்தான் எண்ணாகச் சொல்கிறது. வாயில் திட்டோ புண்ணோ இருந்து, உண்மையில் அது ஆபத்தில்லாததாக இருக்கும் நூறு பேரில், ஒளிக்கருவிகள் ஏறக்குறைய ஐம்பது பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் கிடைக்கும். மறுபக்கம், உண்மையிலேயே ஆபத்து உள்ள நூறு பேரில் 13 பேரை அது விட்டுவிடுகிறது.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 13 பேர்தான். வீணாகப் பயந்த ஐம்பது பேரும் ஒரு பயாப்ஸியோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் நாக்கின் ஓரத்தில் கெட்டியான புண்ணோடு வந்தவரிடம் "லைட்டில் ஒன்றும் தெரியவில்லை, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினால், அவர் அடுத்த முறை வருவதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருக்கும். கண்ணுக்கும் கைக்கும் சந்தேகமாகப் பட்டதை விளக்கு தள்ளுபடி செய்ய முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் விளக்கால் பயனே இல்லையா? தேர்ந்த நிபுணர் கையில் உண்டு. பெரிய திட்டில் எந்த இடத்திலிருந்து சதை எடுப்பது என்று முடிவு செய்யவும், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவரைத் தொடர்ந்து கவனிக்கவும் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். தொந்தரவு இல்லாதவர் தனிக் கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டிய ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். பல் மருத்துவச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் பயாப்ஸி தேவையா என்று தீர்மானிக்க இதைப் பரிந்துரைக்கவில்லை.

நீலச் சாயம் இன்னும் பழைய முறை. டொலூயிடின் ப்ளூ என்ற சாயம் செல்லின் மரபணுப் பொருளில் போய் ஒட்டும். வேகமாகப் பெருகும் செல்கள் அதிகமுள்ள இடம் அடர் நீலமாகும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் வாயைக் கொப்பளித்து, சாயத்தைத் தடவி, மறுபடி கொப்பளித்துப் பார்ப்பார்கள். செலவு குறைவு, மின்சாரம்கூடத் தேவையில்லை. குறை அதேதான்: சாதாரண அழற்சிப் புண்ணும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், தடித்த வெள்ளைத் திட்டு அடியில் ஆபத்து இருந்தும் பிடிக்காமல் விட்டுவிடலாம். காக்ரேன் தொகுப்பில் ஆபத்தில்லாதவர்களை ஆபத்தில்லை என்று சரியாகச் சொன்னது நூற்றுக்கு 68. விளக்கைவிடப் பரவாயில்லை, அதை வைத்து முடிவெடுக்கும் அளவுக்கு இல்லை.

பிரஷ் முறையை இந்த இரண்டோடும் சேர்க்கக் கூடாது, அது ஒரு படி மேலே. சின்னக் கெட்டிப் பிரஷைத் திட்டின் மேல் அழுத்திச் சுழற்றி, புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும் வரை தேய்த்து, எல்லா அடுக்கிலிருந்தும் செல்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதே தொகுப்பில், ஆபத்து உள்ளவர்களைப் பிடிப்பதிலும் இல்லாதவர்களை விடுவிப்பதிலும் இதன் துல்லியம் நூற்றுக்கு 90-ஐத் தொடுகிறது. ஆனாலும் பிரஷில் வருவது உதிரிச் செல்கள். அவை ஒன்றோடொன்று எப்படி அடுக்கப்பட்டிருந்தன, அடித்தளத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கின்றனவா என்பதை உதிரியை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் பிரஷில் கோளாறு என்று வந்தால் எப்படியும் பயாப்ஸி எடுத்தாக வேண்டும். எப்போது இதைத் தேர்வு செய்யலாம்? பயாப்ஸிக்கு ஒருவர் எவ்வளவு சொல்லியும் மறுக்கும்போது, அல்லது நிபுணரிடம் உடனே போக வழியே இல்லாதபோது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். அந்த 2017 வழிகாட்டுதலும் இந்த இடத்தைத்தான் இதற்குக் கொடுக்கிறது.

எச்சில் டெஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்சிலில் புற்றின் தடயங்களைத் தேடும் ஆராய்ச்சி நம்பிக்கை தருகிறது. அதை நம்பி இன்று முடிவெடுக்கும் கட்டம் வரவில்லை.

காத்திருப்பதா, பயாப்ஸியா?

உண்மையில் கஷ்டமான தேர்வு இங்கேதான். வாயில் ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் பார்க்கலாமா, உடனே எடுக்கலாமா?

இரண்டு வாரம் என்ற கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது. வாயின் உள்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும். காயத்தால் வந்த புண் என்றால், காயப்படுத்திய காரணத்தை நீக்கிவிட்டால் அந்த இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், அல்லது ஆறுகிற மாதிரி தெளிவாகச் சுருங்கிவிடும். ஆகவே காத்திருப்பது நியாயமாக இருக்க மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும். புண்ணுக்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: உடைந்த பல்லின் கூர்முனை, உரசும் பல் செட், துருத்திக்கொண்டிருக்கும் கம்பி. அந்தக் காரணத்தை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும், பல்லைத் தேய்த்து மழுக்குவதோ செட்டைத் திருத்துவதோ. மறுபடி வர வேண்டிய தேதியைக் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். "சரியாகவில்லை என்றால் வாருங்கள்" என்பது தேதி இல்லை. வலிக்காத புண்ணோடு இருப்பவர் தானாகத் திரும்பி வர மாட்டார்.

இந்த மூன்றும் இல்லாமல் மருந்து மாற்றி மருந்து கொடுத்துக்கொண்டே போவதுதான் ஆபத்தான காத்திருப்பு. முதலில் வைட்டமின் மாத்திரை, அப்புறம் ஜெல், அப்புறம் ஆன்டிபயாட்டிக், அப்புறம் ஸ்டீராய்டு களிம்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் என்றாலும் நாற்பது நாள் ஓடிவிடும். ஸ்டீராய்டு களிம்பு எரிச்சலைக் குறைத்து, குணமாகிற மாதிரி ஒரு தோற்றத்தையும் கொடுத்துவிடும். பிரிட்டனின் வழிகாட்டுதல்படி, காரணம் தெரியாத வாய்ப்புண் மூன்று வாரத்தைத் தாண்டினால் புற்று சந்தேகத்தின் பேரில் நிபுணரிடம் அவசரமாக அனுப்ப வேண்டும். இரண்டு வாரமோ மூன்று வாரமோ, எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சிலவற்றுக்கு அந்த இரண்டு வாரம்கூடக் கொடுக்கக் கூடாது. தொட்டால் கெட்டியாக, ஓரம் தடித்துச் சுருண்டிருக்கும் புண். கீழே உள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு நகராத கட்டி. பல் நோயே இல்லாமல் ஆடும் பல், பல் எடுத்த குழி ஆறாமல் சதை வளர்வது, உதடோ தாடையோ காரணமில்லாமல் மரத்துப்போவது, கழுத்தில் வலியில்லாத நெறி. எல்லாவற்றுக்கும் மேலாக, வெல்வெட் போல மின்னும் சிவப்புத் திட்டு. எரித்ரோபிளேக்கியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், பயாப்ஸி எடுத்துப் பார்த்த இப்படிப்பட்ட திட்டுகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே புற்றாகவே இருந்தன. மிச்சத்திலும் பெரும்பாலானவை அதற்கு ஒரு படி முன்னால் நின்றன. வெள்ளைத் திட்டு, அதாவது லியூகோபிளேக்கியா, இந்த அளவு ஆபத்தானது இல்லை. பெரும்பாலானவை புற்றாக மாறுவதே இல்லை. ஆனால் எது மாறும் எது மாறாது என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் கலந்திருந்தால் அதையும் சிவப்பாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

பயாப்ஸி என்ற பேரைக் கேட்டதும் முகம் வெளிறிப் போகிறவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பல் எடுக்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். சந்தேகமான இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஊசியைப் போடுவார்கள், மருந்து நேராக உள்ளே போனால் திசு உப்பி உருமாறிவிடும். சின்னக் கத்தியாலோ, வட்டமாக வெட்டும் கருவியாலோ சில மில்லிமீட்டர் அகலத் துண்டு ஒன்றை எடுப்பார்கள். அழுகிப்போன நடுப்பகுதியை விட்டுவிட்டு, மிகச் சிவப்பாகவோ கெட்டியாகவோ இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்ல மருத்துவரின் அடையாளம். ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, பேரும் எடுத்த இடமும் எழுதி ஒட்டுவார்கள். ஒன்றிரண்டு தையல். ஊசி மட்டும் சுருக்கென்று இருக்கும், அதற்கப்புறம் இழுப்பது மட்டும்தான் தெரியும். சில நாள் அந்த இடம் வலிக்கும். ரிப்போர்ட் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு எங்கே போனாலும் கேட்கிறது. அதை நம்பி மாதங்களை இழந்தவர்கள் நிறைய. பயாப்ஸி எடுத்ததால் வாய்ப்புற்று பரவி நோயாளியின் நிலை மோசமானது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. எடுக்காமல் விட்டால் பரவும் என்பதற்கு மருத்துவமனை வார்டுகள் முழுக்க ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு தேர்வு பலருக்குத் தெரியாது: பயாப்ஸியை எங்கே எடுப்பது? சின்ன வெள்ளைத் திட்டு, குறைந்த சந்தேகம் என்றால் பழக்கமுள்ள பல் மருத்துவரே எடுக்கலாம். பார்த்தவுடனே புற்று போலத் தெரிந்தால், எடுக்காமல் நேராகச் சிகிச்சை தரும் இடத்துக்கு அனுப்புவதே நல்லது. அறுவை செய்யப்போகிறவர் அந்தக் கட்டியை முழுதாக, அதன் எல்லையோடு பார்க்க வேண்டும். ஒருவர் நல்ல எண்ணத்தில் முழுவதையும் வெட்டி எடுத்துத் தைத்துவிட்டு, பிறகு ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தால், மறுபடி எவ்வளவு தூரம் வெட்டுவது என்று அடுத்தவருக்குக் குழப்பமாகிவிடும். "சந்தேகம் அதிகமா, குறைவா? நீங்கள் எடுக்கிறீர்களா, அனுப்புகிறீர்களா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அனுப்பினால் போகும் இடத்தின் பெயரும் நாளும் கேட்டு வாங்குங்கள்.

பல் நாற்காலியில் தெரியாதது

இவ்வளவும் வாய்ப்புற்றுக்குத்தான். டான்சிலிலும் நாக்கின் அடிவேரிலும் வரும் புற்று வேறு கதை. எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது அதில் கணிசம். புகையிலையையே தொடாதவர்களுக்கும் வரும். மடிப்புகளுக்குள் ஒளிந்திருப்பதால் வாய்க்கண்ணாடியில் பெரும்பாலும் தெரியாது, அறிகுறி வரும் முன்பே அதைத் தேடிப் பிடிக்க நிரூபிக்கப்பட்ட ஸ்கிரீனிங் முறையும் இல்லை. கழுத்தில் வலியில்லாத கட்டிதான் பலருக்கு முதல் அறிகுறி. "போன மாதம்தான் பல் டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார்" என்று கழுத்துக் கட்டியைக் கவனிக்காமல் விட வேண்டாம், காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? பழக்கம் எதுவும் இல்லாதவர் வழக்கமான பல் பரிசோதனைக்குப் போகும்போது முழுமையாகப் பார்க்கச் சொன்னால் போதும். புகையிலை, பாக்கு, மது பழக்கம் உள்ளவர்கள் பல் வலிக்காகக் காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு முறையாவது இதற்கென்றே போக வேண்டும். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். பாக்கினால் வாய் இறுகி, முன்போல அகலமாகத் திறக்க முடியாமல் ஆகிறவர்கள் சில மாதத்துக்கு ஒரு முறை போயாக வேண்டும், ஏனென்றால் வாய் மேலும் இறுக இறுகப் பார்ப்பதே கடினமாகிவிடும். ஒரு முறை புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, சிகிச்சை அளித்தவர் சொல்லும் அட்டவணைதான்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த பிறகும் ஒரு தேர்வு இருக்கிறது. டிஸ்பிளேசியா என்று எழுதியிருந்தால், செல்கள் ஒழுங்கு மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்றாகவில்லை என்று பொருள். லேசானது என்றால் பழக்கத்தை விட்டுவிட்டு நெருக்கமாகக் கவனித்து வரலாம். கடுமையானது என்றால் முழுவதும் எடுத்துவிடுவதே வழக்கம். நடுத்தரம் என்றால் இடம், அளவு, பழக்கத்தை விடும் வாய்ப்பு எல்லாவற்றையும் வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். நாக்கின் ஓரத்திலோ அடியிலோ இருந்தால் நான் எடுத்துவிடும் பக்கம்தான் சாய்வேன். எடுத்த பிறகும் திரும்ப வரலாம் என்பதால் பரிசோதனையை நிறுத்தக் கூடாது. ரிப்போர்ட் சுத்தமாக வந்தும் திட்டு மாறாமல் இருந்தாலோ, கெட்டிப்பட்டாலோ, இன்னொரு இடத்திலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பெரிய திட்டில் ஒரு துண்டு நல்லதாக இருந்து பக்கத்துத் துண்டு கெட்டதாக இருப்பது நடக்கிற விஷயம். ரிப்போர்ட்டின் நகலையும், திட்டை எடுத்த போட்டோவையும் கையில் வைத்திருங்கள். சதைத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியையும், அதிலிருந்து சீவி எடுத்த ஸ்லைடையும் ஆய்வகம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் மறுபடி சதை எடுக்காமலே, அந்த ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டலாம்.